பன்னிரண்டு வீட்டுக் குப்பையும் ஒரு தராசும்

“பிப்ரவரி 23, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். முதல் வீட்டுக் குப்பையைப் பாராட்டினேன்.”

இவ்வளவு எழுதியதும் ஆசிப்புக்கு ‘சிறு’ என்ற சொல்லின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் செய்த தவறு சிறியதா பெரியதா என்று அன்றைக்கே எப்படிச் சொல்ல முடியும்? அந்தச் சொல்லை அடித்தான். அடித்த பிறகு தவறு மிகப் பெரியதாகத் தெரிந்தது. மேலே பென்சிலால் மறுபடி ‘சிறு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தான். அவன் அப்படிப்பட்ட ஆள். கடையில் ஒரு பில் போட்டால் மூன்று தடவை கூட்டுவான். மூன்று தடவையும் ஒரே தொகை வந்துவிட்டால், இது எங்கேயோ இடிக்கிறதே என்று நான்காவது தடவையும் கூட்டுவான்.

பகலில் அவனுக்குச் சென்னியப்பனின் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் வேலை. மாலையில் சுற்றுச்சூழல் மேலாண்மை டிப்ளமோ வகுப்பு. இரண்டு வருடப் படிப்பில் எழுத்துத் தேர்வுகள் எல்லாம் முடிந்து, ஆய்வறிக்கையும் அதன்மேல் வைவா என்கிற வாய்மொழித் தேர்வும்தான் பாக்கி. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை சேர்கிறது என்று ஒரே வீதியில் பன்னிரண்டு வீடுகளில் அளந்து எழுத வேண்டும். மார்ச் பாதிக்குள் வழிகாட்டி நவ்யா மேடம் கையெழுத்துப் போட்டால் டிப்ளமோ. போடாவிட்டால் இன்னொரு வருடம். அந்த இன்னொரு வருடம் அவனுக்குக் கிடையாது. சென்னியப்பன் முன்னமே சொல்லிவிட்டார்.

“அஞ்சரைக்கே உன்ன உடறது இந்த மார்ச்சோட சரி தம்பி. ஏப்ரல் வந்துட்டா தோட்டத்துக்காரங்க பூராவும் பொழுதோடதான் மோட்டாரத் தூக்கிட்டு வருவாங்க. அப்பறம் காலேஜுன்னு நின்னியானா எனக்கு ஆகாது.”

கறாராகப் பேசினாலும் மனிதர் தங்கமானவர். சொந்தக்காரர் வீடுகளில் அளக்கக் கூடாது, உன் வீடு இருக்கும் கோட்டைமேட்டுப் பக்கமே வேண்டாம் என்று நவ்யா மேடம் சொன்னபோது, சிங்காநல்லூரில் இருக்கும் தன் அக்காவுக்கு அவரே போன் போட்டார். கடையிலிருந்து கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். அக்கா ராசாத்தாள் அந்த வீதியில் ஒரு சொல் சொன்னால் போதும், பன்னிரண்டு வீடும் சரி என்று சொல்லிவிட்டன.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆசிப் மொபெட்டை நிறுத்தியபோது ராசாத்தாள் காபியோடு வாசலில் நின்றிருந்தார்.

“வாங்க தம்பி. மொதல்ல இதக் குடிங்க. அப்பறம் குப்பையப் பாக்கலாம்.”

“நோன்புங்கக்கா.”

“அட, ஆமா. மறந்தே போச்சு பாருங்க. அப்ப தண்ணியாச்சும்?”

“தண்ணியும் ஆகாதுங்க.”

ராசாத்தாளின் முகம் விழுந்துவிட்டது. தம்பி அனுப்பிய ஆள், முதல்முதலாக வாசலுக்கு வந்திருக்கிறான், அவனுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் குப்பை. அதை இரண்டு கையாலும் ஏந்தி, பழத்தட்டு கொடுப்பதுபோல் கொடுத்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஆசிப் சொன்னான்:

“ரொம்ப நல்ல குப்பைங்கக்கா. மக்கறது தனியா, மக்காதது தனியா... நெறையவும் குடுத்திருக்கறீங்க.”

ராசாத்தாளின் முகம் மலர்ந்தது. எதிர்வீட்டுச் சென்னியம்மாள், கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சென்னியம்மாள் வீட்டுப் பை ராசாத்தாள் வீட்டுப் பையைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. புதன்கிழமை அதற்கு அடுத்த வீடு இருவரையும் தாண்டியது. பால் பாக்கெட்டுகளைக் கழுவிக் காயவைத்து, கல்யாணப் புடவைபோல மடித்து அடுக்கியிருந்தார்கள். ஒரு வீட்டில் முழுப் பூசணிக்காயைச் சீவித் தோலை அவனுக்குப் போட்டார்கள். சதையை என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு, “அது கெடக்குது போங்க” என்று பதில் வந்தது. பதினோராம் வீட்டார் கொடுமுடிக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டுக் கேட்டிலும் ஒரு பை தொங்கியது. பக்கத்து வீட்டில் சொல்லி, தங்கள் பேரில் ஒரு பை வைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை ஒரு வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து தென்னைமட்டையை வேனில் கொண்டுவந்து இறக்கினார்.

“இது வீட்டுக் குப்பை இல்லீங்களே,” என்றான் ஆசிப்.

“தோட்டமும் நம்மளுதுதானுங்க. காபித்தண்ணிதான் குடிக்க மாட்டீங்கறீங்க. குப்பையாச்சும் மனசு நெறைய வாங்கிட்டுப் போங்க.”

வீதி முழுவதற்கும் அதுதான் நியாயமாக இருந்தது. வெயிலில் வருகிறான், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்கிறான். வாய் திறந்து கேட்பது குப்பை ஒன்றைத்தான். அதைக்கூடக் குறைத்துக் கொடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

ஒரே ஒரு வீடுதான் இந்தப் போட்டியில் சேரவில்லை. ஆறாம் வீட்டுத் தனபால், லேத் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். குப்பைக்கு வரி ஏற்றத்தான் யாரோ இவனை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. ஆசிப்பைக் கண்டதும் கேட்டுக்குமேல் பையை நீட்டி, கை நழுவினால் விழட்டும் என்பதுபோல் விட்டுவிடுவார்.

“எழுதிக்க. மீன் முள்ளு, முட்டை ஓடு, நேத்துப் புளிச்சுப்போன சாம்பாரு. ஒளிச்சு வெக்கறக்கு இங்க ஒண்ணுமில்ல. போய் உன்ற ஆபீசுல சொல்லு.”

“ஆபீசெல்லாம் இல்லீங்க. நான் படிக்கறனுங்க.”

“குப்பையப் படிக்கறக்கு ஒரு காலேஜா? எந்த முட்டாளப்பா பீஸ் கட்டறது?”

“நான்தானுங்க.”

வெள்ளிக்கிழமை வகுப்பில் நவ்யா மேடம் அட்டவணையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவருக்கு முப்பது வயது இருக்கும். மாணவர்கள் எல்லாரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார், திட்டும்போதும்.

“ஆசிப், இது வீதியா, காய்கறி மார்க்கெட்டா? ஓர் ஆளுக்கு ரெண்டரைக் கிலோ போட்டிருக்கீங்க. தென்னைமட்டை சாப்பிடறாங்களா இவங்க?”

ஆசிப் நடந்ததைச் சொன்னான். காபியிலிருந்து தொடங்கி, பாராட்டியதை விழுங்காமல், எல்லாவற்றையும் சொன்னான்.

“எப்பவும் போலக் கொடுக்கச் சொல்லுங்க. அடுத்த வாரமும் எண்கள் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது. போட்டா வைவால என்னைத்தான் கேப்பாங்க.”

சனிக்கிழமை அவன் வீடு வீடாகப் போய், “எப்பவும் போலக் குடுத்தாப் போதுமுங்க. இவ்வளவு வேண்டாமுங்க. காலேஜுல மேடம் ஜாஸ்தின்னு சொல்றாங்க,” என்று பணிவாகச் சொன்னான். சொல்லும்போதே, கடைசி வாக்கியம் தேவைதானா என்று அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாட்குறிப்பில் அதைத் ‘தவறு எண் இரண்டு’ என்று எழுதிக்கொண்டான்.

காலேஜ் மேடம் நம் வீதியைக் குப்பை வீதி என்று சொல்லிவிட்டாளாம். அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வீட்டையும் சுற்றி வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ராசாத்தாள் கொடுத்த பையைத் தராசில் மாட்டினால், அரைக் கிலோவோடு எண் நின்றுவிட்டது. உள்ளே குப்பையே இல்லை. அடியில் நான்கு கொய்யாப்பழங்கள் மட்டும் கிடந்தன.

“இதென்னுங்கக்கா?”

“வெறும் பையக் கையில குடுக்க மனசு வருமா கண்ணு? பொழுதோட நோன்பு தொறக்கறப்ப சாப்புடுங்க.”

“குப்பை எங்கீங்க?”

“எங்கூட்ல குப்பையே உழுகறதில்ல,” என்றார் ராசாத்தாள். எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு, “மத்தவங்க ஊட்டப் பத்தி எனக்குத் தெரியாது,” என்றும் சொன்னார்.

சென்னியம்மாள் வீட்டிலும் குப்பை விழுவதில்லை. அவர் பையில் செவ்வாழைச் சீப்பு இருந்தது. பூசணி வீட்டில் வெள்ளரிப்பிஞ்சு. கொடுமுடியிலிருந்து திரும்பிய வீட்டார் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார்கள், கடைக்காரரிடம் நோன்புக்கு எது நல்லது என்று விசாரித்து. வீதிக் கோடியில் இருந்த காலி மனையில் மட்டும் ஒரே நாளில் ஒரு சிறு குன்று எழும்பியிருந்தது.

சாயங்காலம் இவ்வளவையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் வீட்டில் இறக்கினான். அவன் அம்மா சித்திகா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“குப்பை அள்ளப் போற பையனுக்கா இத்தனை சீரு? பொண்ணு ஏதும் பாத்திருக்கறாங்களா?”

“சும்மா இரும்மா. என்ற படிப்பே போகுது.”

“படிப்பு போனாப் போகுது, நாளைக்கு அந்த செவ்வாழை கெடைச்சா இன்னொரு சீப்பு கேட்டு வாங்கிட்டு வா.”

அன்று இரவு ஆசிப் போன வாரத்து எண்களையும் அன்றைய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மூன்று முறை பார்த்தான். பதினோரு வீட்டு வரிசைகள் மலையேறிக் கிணற்றில் குதித்திருந்தன. ஆறாம் வரிசை மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்து, உண்மையான குப்பை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தன்மேல் கோபமாக இருக்கும் மனிதர் மட்டும்தான் தனக்கு உண்மையான குப்பையைக் கொடுக்கிறார் என்பது அவனுக்கு மெல்ல விளங்கியது.

அப்படியென்றால் மற்ற பதினோரு வீட்டுக்கும் தன்மேல் கோபம் வர வேண்டும். முறையாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தான். கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்தான். “என்ன குப்பை இது?” என்று சொல்லிப் பார்த்தால், ‘இது’வோடு ஒரு ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் ராசாத்தாள் வீட்டு வாசலில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான். பையை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி நீட்டினான்.

“எனக்குப் பழம் வேண்டாமுங்க. நான் கேட்டது குப்பை. அதக்கூடக் குடுக்க முடியலீனா எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?”

இப்போது கதவைச் சாத்துவார், நாளைக்குப் பையைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தான். ராசாத்தாள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏனுங்க, அந்த டேபிள் பேன எடுத்துட்டு வந்து வாசல்ல போடுங்க. பாவம், வகுறு காயுது, வெயிலு வேற. புள்ள என்ன பேசறதுன்னே தெரியாமப் பேசுது.” அவனிடம், “உக்காருங்க கண்ணு. கோவம் வந்தா வரட்டும். நோன்புக்காரங்க கோவத்த நாங்க மனசுல வெக்க மாட்டம்,” என்றார்.

அன்று கொய்யாவோடு ஒரு பாட்டில் தேனும் வந்தது. சென்னியம்மாள் வீட்டில், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே மின்விசிறி வாசலுக்கு வந்திருந்தது.

ஆறாம் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. தனபால் பையை வழக்கம்போல் நழுவ விட்டார். ஆசிப் அதைப் பிடித்து, தராசில் மாட்டி, எண்ணை எழுதினான். அன்றைய பட்டியலில் அது ஒன்றுதான் எண் என்று சொல்லத்தக்கதாக இருந்தது.

“என்ன எழுதற? காட்டு.”

“எல்லார்த்துதும் இருக்குதுங்க. காட்டக் கூடாதுங்க.”

தனபால் கேட்டுக்குமேல் எட்டி, அவன் எழுதிக்கொண்டிருந்த அட்டையைப் பிடுங்கிவிட்டார். பெயர்கள் இல்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள்தான். அவர் விரலை வைத்து இறங்கினார். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், கால் கிலோ, பூஜ்ஜியம், பூஜ்ஜியம். ஆறில் விரல் நின்றது.

“ஆறு யாரு?”

“சொல்லக் கூடாதுங்க.”

“நானா?”

ஆசிப் தராசின் கொக்கியைப் பார்த்தான்.

“அப்ப இந்த வீதியிலயே நான் ஒருத்தன்தான் குப்பைக்காரனா? மத்தவனெல்லாம் காத்தக் குடிச்சுட்டு வாழறானா?” தனபாலின் குரல் ஏறியது. “அந்த ராசாத்தா ஊட்லயிருந்து தெனம் ஒரு சாக்கு போகுமப்பா. என் கண்ணால பாத்திருக்கறன். கோடியில என்ற சைட்டுல மலையாட்டம் கொட்டிக் கெடக்குதே, அது யாரு போட்டது? பேயா வந்து போட்டுச்சு?”

“அது உங்க சைட்டுங்களா?”

“பின்ன யாருது? நீ இதையே பிரிண்டு போட்டுக் காலேஜுல வெச்சா, காலத்துக்கும் என் பேரு நாறுமே. ஆளப் பாத்தா படிச்சவனாட்டம் இருக்கற, மண்டையில ஒண்ணுமே இல்லியா உனக்கு? எட்றா அந்தத் தராச.”

“எதுக்குங்க?”

“நாளைக்கு நான் வாங்கறன். நீ வராத. கோடியில வண்டியிலயே உக்காந்திரு.”

புதன்கிழமை காலை ஆசிப் வீதிக் கோடியில் மொபெட்டின் மேல் உட்கார்ந்து, தனபால் தராசை வேல்போல் பிடித்துக்கொண்டு ராசாத்தாள் வீட்டுக் கேட்டைத் தட்டுவதைப் பார்த்தான்.

“என்னங்கண்ணா, காத்தாலயே?” என்றார் ராசாத்தாள்.

“குப்பையக் கொண்டா.”

“தம்பி வரலீங்களா?”

“வல்லை. நான்தான். பூராத்தையும் கொண்டா. பொடக்காளில மூடி வெச்சிருக்கறியே அந்த வாளி, அதையும். இன்னைக்கு என்ற சைட்டுல ஒரு கருவேப்பிலைக் காம்பு உழுந்துதுன்னா நான் மனுசனா இருக்க மாட்டன்.”

ராசாத்தாள் கொல்லைப்புறம் போய் வாளியைக் கொண்டுவந்தார். தனபாலுக்காகப் பூசணிக்காய் சீவ அந்த வீதியில் யாருக்கும் தலையெழுத்தில்லை. கழுவிய பால் பாக்கெட்டோ கொய்யாவோ கொடுத்து அவரை உபசரிக்க அவர் என்ன ஒறம்பரையா, எப்போதோ ஒரு முறை வருகிற விருந்தாளியா? இருபது வருடமாகத் தண்ணீர்க் குழாய்க்கும் கார் நிறுத்துகிற இடத்துக்கும் சண்டை போட்ட மனிதர். இருந்ததை இருந்தபடி, முனகிக்கொண்டே கொடுத்தார்கள். சாம்பார் ஒழுகியது. கோழி எலும்பு இருந்தது. சென்னியம்மாள் வீட்டிலிருந்து, அவர் வீட்டுக்காரர் விட்டுவிட்டதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த சிகரெட்டின் துண்டுகள் வந்தன. ஆசிப்பின் எண்கள் முதல் முறையாக எண்களைப்போல் இருந்தன.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. அதற்குள் கடையில் ஒரு சிக்கல் வந்தது. சென்னியப்பன் அவனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“எங்கக்கா கேக்குது. உனக்கு அவங்கமேல ஏதாச்சும் வருத்தமா? இப்பெல்லாம் வாசலுக்கே வர்றதில்லியாமா. பாட்டுல்ல தேன் குடுத்தது புடிக்கலியான்னு ஒரே பொலம்பலு.”

“வருத்தமெல்லாம் இல்லீங்க. நான் போனா குப்பை மாறிப்போகுதுங்க.”

சென்னியப்பன் தலையாட்டினார். “அது சரி. நான் போனாலும் அங்க சோறு மாறித்தான் போகும்,” என்று சொல்லிவிட்டு பில் புத்தகத்தை எடுத்தார்.

இனி அறிக்கை எழுத வேண்டும். புதிய எண்கள் போதும். ஆனால் முதல் ஒன்பது நாள் எண்கள் ஏன் சேர்க்கப்படவில்லை என்று ஒரு பக்கம் எழுதியாக வேண்டும் என்று நவ்யா மேடம் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் ஆசிப்பைப் பாடாய்ப் படுத்தியது. வீதிக்காரர்கள் குப்பையைக் கூட்டியும் ஒளித்தும் கொடுத்தார்கள் என்று எழுதினால் அது உண்மை. ஆனால் அறிக்கையின் ஒரு படி சென்னியப்பன் கைக்குப் போகும், அங்கிருந்து ராசாத்தாள் கைக்கும் போகும். தண்ணீர்கூடக் குடிக்காத பையனுக்காக வாசலுக்கு மின்விசிறி தூக்கிவந்தவர்களைப் பொய்க்காரர்கள் என்று அச்சில் எழுத அவனுக்குக் கை வரவில்லை. முதலில் ‘கருவிப் பிழை’ என்று எழுதினான். தராசில் எந்தப் பிழையும் இல்லை என்பது அதைப் பிடித்த கைக்கே தெரியும். அடித்தான். எழுதாமல் விட்டால் கையெழுத்துக் கிடைக்காது. பொய் எழுதினால் கிடைக்கும், ஆனால் வைவாவில் முதல் கேள்வியிலேயே அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பக்கத்தை நவ்யா மேடத்திடம் நீட்டினான். அதில் இருந்தது சில வரிகள்தான்:

“ஆய்வாளர் வாசலில் நின்றபோது குப்பை கூடியது. கூடுதலாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் மறைந்தது. அவர் வருவதை நிறுத்தியதும் பழைய அளவுக்கு வந்தது. ஆகவே முதல் ஒன்பது நாள் எண்கள் அந்த வீடுகளின் குப்பையைக் காட்டவில்லை. ஆய்வாளரை அந்த வீடுகள் எப்படி நடத்தின என்பதையே காட்டுகின்றன. பிழை ஆய்வாளருடையது. ஆறாம் வீட்டு எண்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே சரி. காரணம், அவ்வீட்டார் ஆய்வாளரை மதிக்கவில்லை.”

நவ்யா மேடம் படித்தார். கடைசி வரியில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திப் பயனில்லாமல் சிரித்தார். வராந்தாவில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

“கடைசி வரி வேணுமா ஆசிப்?”

“உண்மைங்க மேடம். வேணும்னா ‘மிகவும்’னு சேர்த்துக்கலாம். அதுவும் உண்மைதான்.”

“வேண்டாம், இதுவே போதும். வைவால இந்தப் பக்கத்தைத்தான் நோண்டி நோண்டிக் கேப்பாங்க.”

“கேட்டா சொல்லிருவனுங்க. நான்தானே அங்க நின்னேன்.”

அவர் மேலும் இரண்டு அட்டவணைகளைப் புரட்டினார். ஆறாம் வரிசையில் பழைய எண்களையும் புதிய எண்களையும் விரலால் ஒப்பிட்டார். பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். ஆசிப் அந்தக் கையெழுத்தைப் பார்த்தான். இன்னும் இரண்டு முறை பார்த்தான். வராந்தாவுக்குப் போய்ப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபோது நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

அன்றைய குறிப்பை வீட்டில் உட்கார்ந்து எழுதினான்.

“மார்ச் 13, வெள்ளி. கையெழுத்து ஆயிற்று. அளவெடுப்பு நேற்றோடு முடிந்தது என்று தனபால் அவர்களிடம் போனில் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ராசாத்தாள் அக்கா வீட்டில் இன்றும் இரண்டு கிலோ வந்ததாம், இதை இப்படியே விட முடியாதாம், நாளைக்கும் வீடு வீடாகப் போகப்போகிறாராம். வீதியில் எல்லாரும் திட்டுகிறார்களாம். குரல் சந்தோஷமாகத்தான் இருந்தது. தராசு இன்னும் அவரிடம். கடைக்குத் திங்கட்கிழமை வேண்டும்.

நாளை காலை: சிங்காநல்லூர் போய்த் தனபால் அவர்களிடமிருந்து தராசை வாங்கி வர வேண்டும்.”